ஆபரேட்டிங் சிஸ்டம் தாளில் அரியர்: பாடத்தையே விட்டுவிடலாமா?

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கடைமடைக் கிராமத்திலிருந்து, பி.எஸ்ஸி. கணினி அறிவியல் படிக்கும் மாணவி ஒருவர் ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவர். தந்தை குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்கிறார். கும்பகோணத்தில் கல்லூரி, போக வர மூன்றரை மணி நேரம் பேருந்தில் கழிகிறது. மற்ற தாள்களில் நல்ல மதிப்பெண் வாங்கிய அவருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் தாளில் மட்டும் 75-க்கு 21 வந்து அரியர் விழுந்துவிட்டது. ஐந்து ஆண்டு வினாத்தாள்களை மனப்பாடம் செய்து போயிருந்தும், கணக்கைச் சற்றே மாற்றிக் கேட்டதும் கை நின்றுவிட்டதாம். லேப் ரெக்கார்டு, சீனியர் அக்காவின் ரெக்கார்டைப் பார்த்து எழுதியது. சென்னையில் வேலை பார்க்கும் அத்தை மகன், "இந்தத் தாள் வேலைக்கு உதவாது, எப்படியாவது பாஸ் செய்துவிட்டு, தஞ்சாவூரில் 40,000 ரூபாய் கட்டி இணையதளச் செயலி உருவாக்கும் ஃபுல் ஸ்டாக் பயிற்சியில் சேர்" என்கிறார். மடிக்கணினி வாங்குவதற்காக அம்மா தன் சங்கிலியை அடகு வைக்க முன்வந்திருக்கிறார். பாடத்தை ஒப்பேற்றிவிட்டு நகர்ந்துவிடலாமா, தமிழ்வழியில் வந்த தன்னால் இதைப் புரிந்துகொள்ள முடியுமா, சங்கிலியை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார். தேர்வில் எழுதிய மூன்று விடைகளை நினைவிலிருந்து எழுதி இணைத்திருக்கிறார்.

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மனத்தில் நின்றது அம்மாவின் சங்கிலி. இரண்டாம் முறை அந்த மூன்று விடைகள். இந்தத் தாளை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த விடைகளில் மொழிக் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆங்கில வாக்கியங்கள் பிழையின்றி இருக்கின்றன, ஏனென்றால் அவை அப்படியே மனப்பாடம் செய்தவை. மனப்பாடம் செய்த வாக்கியம் முடிந்து, நீங்களாக ஓர் எடுத்துக்காட்டுச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. ஆகவே "தமிழ்வழியில் படித்ததால் தோற்றேன்" என்று நீங்கள் எழுதியதை முதலில் தள்ளி வையுங்கள்.

பிளஸ் ஒன் பாடநூலில் இதை "இயக்க அமைப்பு" என்று படித்திருப்பீர்கள். பெயர் எதுவானாலும், இது பற்றாக்குறையைப் பங்கிடுவதைப் பற்றிய பாடம். பிராசஸர் ஒன்றோ சிலவோ, நினைவகம் ஓர் அளவு, டிஸ்க் ஒன்று; கேட்பவையோ நூற்றுக்கணக்கில். யாருக்கு முதலில் கொடுப்பது, எவ்வளவு நேரம் கொடுப்பது, கொடுத்ததை நடுவில் திரும்ப வாங்கலாமா, கேட்டுக் கேட்டுக் கிடைக்காமலே போனவருக்கு என்ன வழி என்பவைதான் அதன் கேள்விகள். கடைமடையில் வளர்ந்த உங்களுக்கு இவற்றை யாரும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

மேட்டூரில் இருப்புக் குறைந்த ஆண்டுகளில், எல்லா ஆறுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் ஒரே நேரத்தில் முழு அளவு தண்ணீர் விட முடியாமல், முறை வைத்து விடுவார்கள். உங்கள் புத்தகத்தில் ரவுண்ட் ராபின் என்று இருப்பது இந்த முறை வைப்புத்தான். அதில் "டைம் குவாண்டம்", அதாவது ஒருவருக்கு ஒரு முறையில் கிடைக்கும் நேரம், மிகச் சிறியதாக இருந்தால் என்ன ஆகும் என்பது உங்களைத் தடுமாற வைத்த கேள்வி. அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். தண்ணீர் நின்று காய்ந்து கிடந்த வாய்க்காலில் முறை தொடங்கும்போது, முதலில் வரும் தண்ணீரை வாய்க்காலே குடித்துவிடும். தரை நனைந்து ஊறிய பிறகுதான் கடைசி மதகு வரை ஓட்டம் வரும். முறையை ஆறு நாளிலிருந்து ஒரு நாளாகக் குறைத்தால், விட்ட தண்ணீரில் பெரும்பகுதி வாய்க்காலை நனைப்பதற்கே போய், வயலுக்கு எதுவும் வந்து சேராது. பிராசஸரிலும் அப்படித்தான்: ஒரு பிராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலை, நிறுத்தி இன்னொன்றைத் தொடங்கும்போது, பிராசஸருக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்களில் இருக்கும் முதலாவதன் மதிப்புகளைச் சேமித்து வைத்து, இரண்டாவதன் மதிப்புகளை ஏற்ற வேண்டும், அதற்கு வேண்டிய தரவுகள் கேஷ் நினைவகத்தில் புதிதாக வந்து நிரம்ப வேண்டும். இதுதான் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச். குவாண்டம் சிறுத்தால் மாற்றும் வேலையிலேயே நேரம் கரையும். அளவுக்கு மேல் பெருத்தால் வரிசையில் நிற்பவர்கள் காத்துக் கிடப்பார்கள்.

நெல் கொள்முதல் நிலையத்தையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு மூட்டை எடை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வந்தவரிடம் 270 மூட்டை, அடுத்த இருவரிடம் தலா 30 மூட்டை. வந்த வரிசையில் போட்டால் மூவரும் காத்திருக்கும் நேரம் 0, 270, 300 நிமிடம், சராசரி 190. சிறியவர்களை முதலில் போட்டால் 0, 30, 60, சராசரி 30. வேலையின் அளவு மாறவில்லை, எடை போடுபவரும் மாறவில்லை, வரிசை மட்டுமே மாறியது. முதலாவது எஃப்சிஎஃப்எஸ் (முதலில் வந்தவருக்கு முதலில்), இரண்டாவது எஸ்ஜேஎஃப் (சிறிய வேலைக்கு முதலில்). ஆனால் 30 மூட்டைக்காரர்கள் வந்துகொண்டே இருந்தால் 270 மூட்டைக்காரர் மாலை வரை நிற்பார், மறுநாளும் நிற்பார். அதற்குப் பெயர் ஸ்டார்வேஷன், சொல்லுக்குச் சொல் பட்டினி. காத்திருக்கும் நேரம் கூடக் கூட முன்னுரிமையையும் கூட்டிக்கொண்டே போவது அதற்குரிய மாற்று. புத்தகத்தில் ஏஜிங் என்று இருக்கும். எண்களை மாற்றி மாற்றிப் பத்துக் கணக்கு போடுங்கள். சூத்திரம் தானாக மனத்தில் நிற்கும்.

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். உவமை வாசல் வரைதான் கூட்டிக்கொண்டு போகும். எடைத்தட்டில் ஏறிய மூட்டையைப் பாதியில் இறக்க மாட்டார்கள். இயக்க அமைப்பின் மையப் பகுதியான கெர்னலோ, டைமர் இன்டரப்ட் என்ற நேரக் குறுக்கீடு வந்ததும், சில மில்லிநொடிகளிலேயே, ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸை நிறுத்திவிடும். எனவே தேர்வில் வாய்க்காலை எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். புரிந்துகொள்ள வாய்க்கால், எழுதுவதற்கு இன்டரப்ட், ரெஜிஸ்டர், ரெடி க்யூ எனப்படும் காத்திருப்பு வரிசை.

உங்கள் மூன்று விடைகள்

முதல் விடையில், "நீண்ட நேரம் காத்திருப்பதே டெட்லாக்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியில்லை, நீங்கள் சொன்னது பட்டினி. கடைமடைக்குத் தண்ணீர் வராதபோதும் மேலே உள்ள வயல்களில் பாய்ந்துகொண்டுதான் இருக்கிறது. மொத்த வேலை நகர்கிறது, ஒருவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. டெட்லாக்கில் சிக்கியவர்களில் ஒருவருமே நகர முடியாது. அறுவடைக் காலத்தில் வாய்க்கால் கரைமேல் இரண்டு டிராக்டர்கள் எதிரெதிரே வந்து நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கரையின் ஒரு துண்டில் ஒரு வண்டிதான் நிற்க முடியும். ஒவ்வொருவரும் தன் துண்டை விடாமல் அடுத்தவரின் துண்டுக்காகக் காத்திருக்கிறார். வண்டியைத் தூக்கி அப்புறம் வைக்க யாராலும் முடியாது. இவர் அவருக்காக, அவர் இவருக்காக என்று காத்திருப்பு வட்டமாகிவிட்டது. 1971-இல் காஃப்மனும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதிய கட்டுரையில் வரும் நான்கு நிபந்தனைகள் இவையே. நான்கும் ஒருசேர இருந்தால்தான் டெட்லாக். ஒருவர் பின்னால் எடுத்துவிட்டால் தீர்ந்தது. வினாத்தாளில் தவறாமல் வரும் பேங்கர்ஸ் அல்காரிதம், கரையில் ஏறும் முன்பே எல்லோரும் வெளியேற ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுமதிப்பது. அதை நன்றாகப் படியுங்கள், மதிப்பெண் உண்டு. ஆனால் நாம் அன்றாடம் பயன்படுத்தும் லினக்ஸோ விண்டோஸோ ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பதில்லை. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஒன்றைப் பயன்படுத்தும்படி காக்கும் பூட்டுகளை எல்லோரும் ஒரே வரிசையில் எடுக்க வேண்டும் என்ற ஒழுங்கை நிரல் எழுதுபவர்களே காப்பாற்றுகிறார்கள்.

இரண்டாவது விடைதான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. "ராம் போதாதபோது ஹார்ட் டிஸ்கை ராமாகப் பயன்படுத்துவதே விர்ச்சுவல் மெமரி" என்று எழுதியிருக்கிறீர்கள். பல கைடுகளிலும் இப்படித்தான் இருக்கிறது. பிழை உங்களுடையது மட்டும் அன்று. டிஸ்குக்குத் தள்ளுவது அதனால் கிடைக்கும் வசதிகளில் ஒன்று. அடிப்படை வேறு: ஒவ்வொரு பிராசஸுக்கும், நினைவகம் முழுவதும் தனக்கே என்பது போன்ற தனி முகவரி வெளியைக் கெர்னல் தருகிறது. அந்த வெளி பேஜ் எனப்படும் துண்டுகளாக, பெரும்பாலான கணினிகளில் 4,096 பைட் அளவில், பிரிக்கப்பட்டிருக்கும். எந்தத் துண்டு உண்மையான ராமில் எங்கே இருக்கிறது என்பதைப் பேஜ் டேபிள் சொல்லும். இப்படித் தள்ளுவதற்கென ஒதுக்கும் ஸ்வாப் இடமே டிஸ்கில் இல்லாத கணினியிலும் விர்ச்சுவல் மெமரி உண்டு என்பதைக் கவனியுங்கள்.

இதை நம்பச் சொல்லவில்லை, பார்க்கச் சொல்கிறேன். சி மொழியில் பத்து வரி போதும். ஒரு மாறியில் 10 என்று வையுங்கள். ஃபோர்க் அழைப்பைக் கொடுங்கள். ஒரே நிரல் தாய், சேய் என்று இரண்டு பிராசஸாகப் பிரியும். சேய்க்கு ஃபோர்க் தரும் விடை 0, தாய்க்கு சேயின் எண். சேயில் மட்டும் மாறியை 20 ஆக்குங்கள். பிறகு இரண்டிலும் மாறியின் மதிப்பையும் முகவரியையும் அச்சிடுங்கள். மதிப்பு ஒன்றில் 10, மற்றொன்றில் 20. முகவரியோ இரண்டிலும் ஒன்றே. ஒரே இடத்தில் இரண்டு மதிப்புகள் எப்படி இருக்க முடியும்? அந்த முகவரி ராமின் உண்மையான முகவரியாக இருந்தால் முடியாது. என் மாணவர்கள் திரையில் இதைப் பார்த்துவிட்டுச் சில நொடி பேசாமல் இருப்பதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். கரும்பலகையில் நான் ஒரு வாரம் வரைந்த படங்கள் அந்த இரண்டு வரிகளுக்கு ஈடாகவில்லை.

மூன்றாவது, புரோகிராமும் பிராசஸும் ஒன்றே என்று கலந்தது, சிறிய பிழை. டிஸ்கில் கிடக்கும் கோப்பு புரோகிராம். அது ஓடும்போது தனக்கென்று முகவரி வெளி, ரெஜிஸ்டர் மதிப்புகள், திறந்த கோப்புகள் ஆகியவற்றோடு இருப்பது பிராசஸ். மேலே சொன்ன சோதனையிலேயே ஒரு புரோகிராம் இரண்டு பிராசஸ் ஆனதை நீங்கள் பார்த்துவிடுவீர்கள்.

செமஃபோர் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. பயந்து விட்டுவிட்டதாகச் சொல்கிறீர்கள். அந்தச் சொல்லுக்கு நம்மிடம் பழைய பெயர் இருக்கிறது: கைகாட்டி. மாயவரம், தஞ்சாவூர்ப் பாதையில் ரயில் நிலையத்துக்கு வெளியே கம்பத்தில் கை தாழ்ந்தால் ரயில் வரலாம், கிடையாக நின்றால் நிற்க வேண்டும் என்பது உங்கள் தாத்தாவுக்குத் தெரியும். டச்சுக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1960-களில் இந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். ஒற்றைத் தடத்தில் டோக்கன் கையில் இருக்கும் ரயில் மட்டுமே அடுத்த நிலையத்துக்குப் புறப்படும் என்ற பழைய ஏற்பாட்டை நினைத்தால், ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுமதி என்ற மியூச்சுவல் எக்ஸ்க்ளூஷன் விளங்கிவிடும். ஒரே பிராசஸுக்குள் சேர்ந்து ஓடும் இரண்டு த்ரெட்கள் ஒரே எண்ணைத் தலா பத்து லட்சம் முறை ஒன்று ஒன்றாகக் கூட்டும்படி எழுதி ஓட்டுங்கள். பூட்டு இல்லாமல் ஓட்டினால் விடை பெரும்பாலும் இருபது லட்சத்துக்குக் குறைவாக, ஒவ்வொரு முறையும் வேறாக வரும்.

தமிழில் யோசிக்கலாமா?

யோசிக்க வேண்டும். பேஜ் ஃபால்ட் (கேட்ட பேஜ் ராமில் இல்லாத நிலை) என்ற சொல்லை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அது ஏன் நிகழ்கிறது, நிகழ்ந்தபின் கெர்னல் என்னென்ன செய்கிறது என்பதை ஒரு தாளில் உங்கள் பேச்சுத் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். பேருந்தில் கழியும் நேரத்துக்கு இது பொருத்தமான வேலை. அதுபோலவே பேஜ் மாற்றும் கணக்குகளும்: 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்று பேஜ்களைக் கேட்கும் வரிசையை, முதலில் வந்த பேஜை முதலில் வெளியேற்றும் ஃபிஃபோ முறையில், ராமில் ஒரு பேஜ் அமரும் இடமான சட்டங்கள் மூன்றுக்குப் போட்டால் 9 ஃபால்ட், நான்கு சட்டங்களுக்குப் போட்டால் 10. இடம் கூடியும் ஃபால்ட் கூடுகிறது. 1969-இல் பெலேடியும் உடன் பணியாற்றியவர்களும் காட்டிய இந்த முரணைக் கையால் போட்டுப் பார்த்தவர் மறப்பதில்லை.

பாடம் ஆங்கிலவழியில் நடந்தாலும் மாணவர்கள் தாய்மொழியில் தேர்வெழுத அனுமதிக்கும்படி, பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. அது வேண்டுகோள்தான்; உங்கள் பல்கலைக்கழக விதி என்ன என்பதைத் தேர்வுப் பிரிவில் எழுத்துமூலம் கேளுங்கள். அனுமதி இருந்தாலும், கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே வைத்து எழுதுவது உங்களுக்கு நல்லது. நாளை நேர்முகத் தேர்வில் அந்தச் சொற்களால்தான் கேட்பார்கள்.

அத்தை மகன் சொல்வது

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் வேலையில் அன்றாடம் காணாததைத் தேவையற்றது என்கிறார். ஆனால் இணையதளச் செயலி ஓடும் சர்வர் பெரும்பாலும் லினக்ஸ். இன்று எங்கும் பேசப்படும், செயலிகளைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் கன்டெய்னர்கள், லினக்ஸ் கெர்னலின் நேம்ஸ்பேஸ், சிகுரூப் என்ற இரண்டு வசதிகள்மேல் கட்டப்பட்டவை. முதுநிலைப் பொறியியல் படிப்புக்கான கேட் தேர்வின் கணினி அறிவியல் பாடத்திட்டத்திலும் இந்தத் தாள் தனிப் பகுதி. 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி அடிக்கடி தானே மறுதொடக்கம் ஆனதற்குக் காரணம், தாழ்ந்த முன்னுரிமை கொண்ட வேலை பிடித்து வைத்திருந்த பூட்டுக்காக உயர்ந்த முன்னுரிமை கொண்ட வேலை காத்துக் கிடந்ததும், இடைப்பட்ட வேலைகள் புகுந்து பிராசஸரை எடுத்துக்கொண்டதும்தான். பொறியாளர்கள் பூமியிலிருந்தே மாற்றம் அனுப்பி அதைச் சரிசெய்தார்கள். ப்ரயாரிட்டி இன்வர்ஷன் என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு நீங்கள் படித்தது இதுவே.

பயிற்சி நிலையத்தைத் தவறென்று சொல்ல மாட்டேன். இப்போது வேண்டாம் என்கிறேன். அடிப்படை தெரிந்த பிறகு போனால் அங்கே சொல்வதில் பாதியை நீங்களே படித்துக்கொள்ள முடியும். அப்போதும் சேர்வதானால், "வேலை உறுதி" என்பதையும், நடுவில் நின்றால் கட்டணம் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

சங்கிலி

அடகு வைக்க வேண்டாம். இந்தப் பாடத்தைக் கற்க 60,000 ரூபாய் மடிக்கணினி தேவையே இல்லை. அண்ணனுக்குப் பிளஸ் டூவில் கிடைத்த அரசு மடிக்கணினி, பேட்டரி போய்ப் பரணில் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இறக்குங்கள். பேட்டரி இல்லாவிட்டாலும் சார்ஜரில் ஓடுகிறதா என்று பாருங்கள். அந்தத் திட்டத்தில் வந்த பல மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் திறந்ததுகூட இல்லை. ஓடாவிட்டால் லுபுண்டு போன்ற எளிய லினக்ஸ் ஒன்றை நிறுவச் சொல்லுங்கள். அதுவும் கூடாவிட்டால், உங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியே லினக்ஸ் கெர்னலில்தான் ஓடுகிறது. டெர்மக்ஸ் செயலியில் சி கம்பைலரை நிறுவி, மேலே சொன்ன இரண்டு சோதனைகளையும் செய்துவிடலாம். எழுத்துச் சிறிதாகத் தெரியும் என்பதுதான் கஷ்டம்.

மறுமதிப்பீடும் விடைத்தாளும்

உங்களுக்கு 9 மதிப்பெண் குறைகிறது என்கிறீர்கள். அந்த மூன்று விடைகளைப் பார்த்த பிறகு, மறுமதிப்பீட்டில் அத்தனையும் வரும் என்று நான் நம்பிக்கை கொடுக்க முடியாது. ஆனாலும் விடைத்தாள் நகலைக் கேட்டு வாங்குங்கள். திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தேர்வெழுதியவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பல்கலைக்கழகமே நகல் தரும் ஏற்பாடு வைத்திருந்தால் அந்த வழி விரைவானது; முடிவு வந்தபின் அதற்கென்று தரும் நாட்கள் குறைவு என்பதால் நாளைக்கே அலுவலகத்தில் கடைசி நாளைக் கேளுங்கள். கூட்டலில் விடுபட்டிருந்தால் அது உடனே தெரியும். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுவதா என்பதை நகலைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அரியர் தேர்வுக்கு இருக்கும் நாட்களில் வாரம் ஒரு யூனிட் போதும்: இரண்டு நாள் புத்தகம், இரண்டு நாள் கணக்கு, ஒரு நாள் கணினியில் சோதனை, ஒரு நாள் பழைய வினாத்தாளை நேரம் வைத்து எழுதுவது. பழைய வினாத்தாள்களை வெறுக்க வேண்டாம். அவை கடைசி நாளுக்கு உரியவை, முதல் நாளுக்கு அல்ல. ரெக்கார்டில் நீங்கள் பார்த்து எழுதிய நிரல்களையும் ஒவ்வொன்றாகத் தட்டி ஓட்டுங்கள். ஓடாதவை சில இருக்கும், அவற்றைச் சரிசெய்வதில்தான் அதிகம் கற்பீர்கள். இவையெல்லாம் கைவந்த பிறகு, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் மாணவர்களுக்காக எழுதிய எக்ஸ்வி6 என்ற சிறிய இயக்க அமைப்பின் மூல நிரலை இலவசமாக இறக்கிப் படிக்கலாம். அதற்கு அவசரமில்லை.

இந்த வாரம் ஃபோர்க் சோதனை மட்டும். தாயும் சேயும் ஒரே முகவரியில் 10 என்றும் 20 என்றும் காட்டியதும் எனக்கு எழுதுங்கள். சேய் அந்த மாறியை மாற்றும் கணத்தில் பேஜ் டேபிளில் என்ன நடக்கிறது என்பதை அடுத்த கடிதத்தில் விளக்குகிறேன்.